வலது பக்கம், மூன்றாவது மரம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் ஒரு கூடை பந்து. இன்றும் எல்லாம் வலது பக்கம்.

நேராகத்தான் கிளம்புகின்றன. பாதி வழியில் ஏதோ ஞாபகம் வந்தாற்போல வலப்புறம் திரும்பி, வேலியோர மரங்களுக்குள் போய்விடுகின்றன. பெரும்பாலும் மூன்றாவது மரம். அங்கே ஏதோ விசேஷம் போலிருக்கிறது. அழைப்பு என் பந்துகளுக்கு மட்டும்.

பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் நேரம் குறிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டவள் நான். ஓடினதில்லை. நாற்பத்தொன்பது வயதில் கோல்ஃப் மட்டையைப் பிடித்திருப்பது அண்ணியால். "அந்த இருட்டு ரூம்லயே உக்காந்து ஊர்க் கண்ணையெல்லாம் பாத்துக்கிட்டிருந்தா முதுகு என்னத்துக்கு ஆகும்? கிளம்பு" என்றாள் ஜனவரியில். இருட்டு ரூம் என்பது என் கண்ணாடிக் கடையின் பின்னறை. அங்கேதான் கண் பரிசோதிக்கிறேன். அண்ணி பள்ளித் தலைமையாசிரியை. அவள் கிளம்பு என்றால் யாரும் கிளம்பிவிடுவார்கள்.

மே மாதம் மைதானத்தில் ஜோடிப் போட்டி. அண்ணியோடு வழக்கமாக ஆடுகிறவர் மாற்றலாகிப் போய்விட்டார். அந்த இடத்துக்கு நான் அல்லது வக்கீலம்மா. ஏப்ரலில் பெயர் கொடுக்க வேண்டுமாம். வக்கீலம்மா அடித்தால் கோடு போட்டதுபோல் போகும்.

எனக்கு இதில் ஒன்றும் அக்கறை இல்லை.

மார்ச் 4, புதன்

அக்கறை இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு. ஜோடிப் போட்டியின் விதியை அண்ணன் விளக்கினான்: இரண்டு பேருக்கும் ஒரே பந்து. ஒருவர் அடித்த பந்து எங்கே கிடக்கிறதோ அங்கிருந்து மற்றவர் அடிக்க வேண்டும். குழியில் விழும்வரை மாற்றி மாற்றி.

"நாத்தனாரும் அண்ணியும் ஒரே பந்தா? நாலாவது குழியில பேச்சுவார்த்தை நின்னுடும். அஞ்சாவது குழியில பாகப்பிரிவினை" என்றான். அவன் பல் டாக்டரோடு ஆடுகிறான். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் அண்ணியை ஜெயித்தவன்.

"நீங்க உங்க பந்தத் தேடுங்க முதல்ல" என்றாள் அண்ணி.

தன் ஜோடி யாரென்று இன்னும் முடிவாகவில்லை என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்களுக்குள் இருபத்தைந்து வருடமாகச் சண்டையே வந்ததில்லை என்று உறவில் எல்லோரும் மெச்சுவார்கள். சண்டை போடும் அளவுக்கு நெருங்கினதில்லை என்பதுதான் சரி.

சாப்பிட்டபின் அண்ணனுடைய மாத்திரை அட்டையை வாங்கி, எறும்பு எழுத்தில் இருந்ததைக் கண்ணாடி இல்லாமல் கடகடவென்று படித்தாள். "பாத்தியா? போன வருஷம் வாங்கின கண்ணாடி அலமாரில தூங்குது. அம்பத்திமூணு வயசுல எனக்குக் கண்ணாடியே வேண்டாம். உனக்கு ஒரு வாடிக்கை போச்சு."

வயிற்றெரிச்சலாக இருந்தது. என் மூக்கில் மூன்று வேலை பார்க்கும் கண்ணாடி: மேல் பாதி தூரத்துக்கு, கீழ்ப் பாதி படிக்க, இடையில் இடைப்பட்டதற்கு. அதில்லாமல் நான் சோற்றில் கல்லைக்கூடப் பார்க்க முடியாது.

மார்ச் 14, சனி

பயிற்சி சொல்லித்தருபவருக்கு நான் வைத்த பெயர் 'மெதுவா மாஸ்டர்'. வாயைத் திறந்தால் "மெதுவா மேடம், மெதுவா". இன்று மணிக்கட்டு. போன வாரம் இடுப்பு. அதற்கு முன்னால் பிடி. ஒரு கோளாறுக்கு நாலு காரணம் சொல்கிறவரை எனக்கு நம்பப் பிடிக்காது. 'ஒன்றாவது தெளிவா, இரண்டாவது தெளிவா' என்று லென்ஸை மாற்றிக் காட்டும்போது 'ரெண்டும்' என்பவர்கள் ஞாபகம் வருகிறார்கள்.

"தாடைய நெஞ்சுல ஒட்டாதீங்க மேடம். தாடை மறிச்சுதுன்னா தோள் எப்படித் திரும்பும்? தூக்குங்க."

தூக்கினேன். காலடியில் இருந்த பந்து வெள்ளையாக வழிந்துபோயிற்று. தாழ்த்தினேன், தெளிந்தது. தாழ்த்தியே அடித்தேன். வலது பக்கம்.

"எங்க போச்சு?" என்றாள் அண்ணி, பக்கத்தில் நின்றுகொண்டு. ஒவ்வொரு பந்துக்கும் கேட்கிறாள். ஏளனம்தான், வேறென்ன. நானும் விடாமல் துல்லியமாகப் பதில் சொல்கிறேன். "வலது பக்கம், மூணாவது மரம், தண்டுக்கு ரெண்டடி இந்தப் பக்கம்." வெட்கப்படுவதென்றால் அளந்து வெட்கப்படுவோம்.

மார்ச் 19, வியாழன்

பரிசோதனை அறையில் குடையை வைத்து வீசிப் பார்த்தேன். கண்ணில் மருந்து விட்டு ஓரமாக உட்காரவைத்திருந்த பெரியவரை மறந்தே போனேன்.

"டாக்டர், யாரோ குடையோட ஆடற மாதிரி தெரியுதே. மருந்தோட வேலையா?"

"ஆமாங்க. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்."

தொழில் தர்மம் இன்று சற்று வலது பக்கம் போயிற்று.

மார்ச் 26, வியாழன்

இதை நிதானமாக எழுத முயல்கிறேன்.

தபால் அலுவலகத்து அம்மா வந்தார். பத்து நாள் முன்பு என்னிடம் வாங்கிய கண்ணாடி, என்னுடையதைப் போலவே மூன்று வேலைக் கண்ணாடி. "படி இறங்கினா தரை மிதக்குதுங்க. பயமா இருக்கு." இதற்கு நான் வருடக்கணக்காகச் சொல்லிவரும் பதில் ஒன்று உண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆரம்பித்தேன்.

"கீழ்ப் பாதி படிக்கறதுக்குங்க. அது வழியா தரையப் பாத்தா மங்கலாத்தான் இருக்கும். கீழ பாக்கும்போது தாடைய நெஞ்சோட நல்லா ஒட்டவச்சு, மேல் பாதி வழியா—"

நின்றுவிட்டேன்.

"மேல் பாதி வழியா? சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

தாடையை நெஞ்சோடு ஒட்டவைத்து. தாடை மறித்தால் தோள் எப்படித் திரும்பும். தோள் திரும்பாவிட்டால் கை மட்டும் குறுக்கே இழுக்கும். குறுக்கே இழுத்தால் பந்து சுழன்றுகொண்டே வலது பக்கம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் விஷயத்தில் கூடம் உண்மையிலேயே கோணல். அதை அளந்து, செய்து, விலை போட்டு எனக்கு விற்றவளும் நானேதான். ஊருக்கு உபதேசம் செய்துகொண்டு, மூன்று மாதமாக மூக்கின் மேலேயே வைத்துக்கொண்டு, மாஸ்டர்மேல் சந்தேகம். பிடியாம். இடுப்பாம்.

அந்த அம்மாவுக்குக் காசு வாங்காமல் தூரக் கண்ணாடி ஒன்று தனியாகச் செய்துதருகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார். "ஒரு சந்தோஷம்" என்றேன். சந்தேகமாகப் பார்த்தபடியே போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

மார்ச் 28, சனி

தூரத்துக்கு மட்டுமான கண்ணாடி. தாடை மேலே. பந்து தெளிவு. தோள் கதவைப்போல் திரும்பியது.

அடித்தபோது கையில் ஒன்றுமே தெரியவில்லை. 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும், மூடி சரியாகப் பொருந்தியதுபோல். பந்து இம்மியும் வளையாமல் நேராகப் போனது. நேராக இடது பக்கம். 'அமைதி காக்கவும்' என்ற தகரப் பலகையில் போய் இடித்தது. மைதானமே திரும்பிப் பார்த்தது.

வலது பக்கம் போகிறதே என்று மூன்று மாதமாகக் கால்கள் தாமாகவே இடது பக்கம் திரும்பி நின்று பழகியிருக்கின்றன. இப்போது பந்து நேர்மையாகிவிட்டது, கால்தான் இன்னும் பழைய கணக்கில்.

"எங்க போச்சு?"

"பலகை, அண்ணி. அமைதிங்கறதுல 'தி' மேல."

அண்ணி சிரித்தாள். அவள் சிரித்து நானும் சிரித்து, மட்டையை ஊன்றிக்கொண்டு இருவரும் நின்றோம். மெதுவா மாஸ்டர் மட்டும் அமைதி காத்தார்.

ஏப்ரல் 4, சனி

தூரத்தில் குழியில் நட்டிருக்கும் கொடியைப் பார்த்துத் தரையில் ஒரு குச்சியைப் படுக்கவைத்து, அதன்படி காலை வைத்தேன்.

நேர். நேர். ஒன்று தவறி இடது. நேர். நேர். நேர்.

இதை யாரிடம் சொல்வது? சொன்னால் புரியுமா? புள்ளிவிவரம் இல்லாமல் எதையும் நம்பாதவள், ஒரு வெள்ளைப் பந்து வானத்தில் வளையாமல் போவதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாள். அது மேலே போய் ஒரு கணம் நிற்கிறது. கீழே வர மனமில்லாததுபோல். அப்போது நெஞ்சுக்குள் யாரோ கிச்சுக்கிச்சு மூட்டுகிறார்கள். பட்டம் வாங்கியபோது இப்படி இல்லை. கடை திறந்தபோது இப்படி இல்லை. இது என்ன, கிறுக்கா? சரி, கிறுக்கு. இருந்துவிட்டுப் போகட்டும்.

மூன்றாவது மரத்தடிக்கு இன்று யாரும் வரவில்லை. பாவம், விசேஷ வீடு வெறிச்சோடிவிட்டது.

"எங்க போச்சு?" என்றாள் அண்ணி.

"நேரா."

"நேரான்னா?"

"கொடிக்கு ரெண்டடி இடது, பத்தடி முன்னாடி."

"ம்."

அவ்வளவுதான். ஒரு 'ம்'. கண்ணெதிரே போகிறதைப் பார்த்துவிட்டு 'ம்'. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடுவதும் இப்படித்தான் போலும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

பல் தேய்க்கும்போதும் இடது தோள் திரும்புகிறது.

ஏப்ரல் 18, சனி

மூன்று பேராக ஆடினோம். அண்ணி, நான், வக்கீலம்மா. யாரும் சொல்லவில்லை, ஆனால் தேர்வுதான்.

வக்கீலம்மா என்னைவிட நேராக அடித்தார். என்னைவிடத் தூரமாகவும். நல்ல மனுஷியும்கூட, அதுதான் பொறுக்கவில்லை. அண்ணி ஒவ்வொரு அடிக்கும் வழக்கம்போல் "எங்க போச்சு?" என்றாள். அவளுடைய பந்துக்கும் அதே கேள்விதான். வக்கீலம்மா "அதோ அங்க" என்று கையைக் காட்டிவிட்டு நடந்துகொண்டே இருந்தார். நான்தான் சொன்னேன். "பள்ளத்துக்கு இந்தப் பக்கம் அண்ணி, மஞ்சள் குச்சிக்கு ஒரு கார் நீளம் முன்னாடி."

கடைசிக் குழியில் என் பந்து மணல் பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தேன். மாலையில் தொலைபேசி.

"உன் பேரக் குடுத்துட்டேன்."

"வக்கீலம்மா?"

"அவ 'அதோ அங்க'ங்கறா. கோர்ட்டுல ஒரு சாட்சி அப்படிச் சொன்னா விடுவாளா? நீ சொன்னா போய்ப் பாக்கலாம், பந்து இருக்கும். நாளைக்குப் பயிற்சி. தாமதம் பண்ணாத."

போனை வைத்துவிட்டுச் சமையலறையில் ஒரு சுற்றுச் சுற்றினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. இரண்டு சுற்று.

ஏப்ரல் 25, சனி

மைதானத்து வேலியில் யாரோ மழைக்கோட்டு காயப்போட்டிருந்தார்கள். அண்ணி அதைப் பார்த்துக் கையை உயர்த்தி, "என்ன மாஸ்டர், சீக்கிரமே வந்துட்டீங்க" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. எங்க போச்சு. அவளுடைய பந்துக்கும் எங்க போச்சு. கொடிக்கு ரெண்டடியில் விழுந்ததற்கு ஒரு 'ம்'. மாத்திரை அட்டை.

மாத்திரை அட்டை. வெள்ளெழுத்து வந்தவர்கள் திடீரென்று கண்ணாடி இல்லாமல் படிக்க ஆரம்பித்தால் அது இளமை திரும்புவதல்ல. கண்புரை விழ ஆரம்பிக்கிறது. கிட்டத்தில் இருப்பது கொஞ்ச காலம் தெளியும், தூரத்தில் இருப்பது கரையும். முதல் வருடப் பாடம். எதிரே உட்கார்ந்து அவள் அதைப் படித்துக் காட்டினாள், நான் பொறாமைப்பட்டேன். கண்ணாடி டாக்டராம்.

ஆக, என் பெயரைக் கொடுத்தது என் நேர் அடிக்காக இல்லை. மூன்று மாதம் தாடை, தோள், கால் என்று உயிரைவிட்டது ஒரு பக்கம். நான் வாயால் சொன்ன வர்ணனைக்காகத்தான் இடம் கிடைத்திருக்கிறது. மனம் நோக வேண்டும். நோகவில்லையே. இவ்வளவு நாள் ஏளனம் என்று நினைத்தது, என்னை நம்பிக் கேட்ட கேள்வியா?

சொல்ல வேண்டும். சொன்னால் பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்வாள். அப்புறம் என் முகத்தையும் பார்க்க மாட்டாள். அவளைத் தெரியும். அண்ணனுக்குத் தெரிந்தால் போட்டி இல்லை, மட்டையைப் பரணில் போட்டுவிடுவான். ஆனால் இந்தக் கண்ணோடு தினமும் கார் ஓட்டுகிறாளே?

திரும்பும்போது, "நான் ஓட்டறேன் அண்ணி, கை விட்டுப் போச்சு, பழகணும்" என்றேன். யாருக்கும் ஸ்டியரிங்கைக் கொடுக்காதவள். சாவியைப் பேசாமல் கொடுத்தாள். எந்தப் பரிசோதனையும் இதைவிடத் தெளிவாக முடிவு சொல்லாது.

போட்டி வரை சாவி என்னிடம். போட்டி முடிந்த அன்றே சொல்லிவிடுவேன்.

மே 1, வெள்ளி

பள்ளிக்கும் நானே கொண்டுவிடுகிறேன். அண்ணன் கேட்டான், "என்னடி, திடீர்னு பாசம்?" இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம்.

மே 9, சனி

உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே எழுதுகிறேன்.

அண்ணனும் பல் டாக்டரும் எங்களோடுதான் ஆடினார்கள். நாலாவது குழியில் அண்ணன், "பேச்சு இருக்கா, நின்னுடுச்சா?" என்றான். அண்ணி அவனைப் பார்க்காமல், "பல் டாக்டர், அவர் வாய்க்கு ஏதாவது செய்யக் கூடாதா?" என்றாள். "விலை ஜாஸ்தியாகும்" என்றார் அவர்.

எட்டுக் குழி முடிந்தபோது இரண்டு ஜோடியும் சமம்.

கடைசியான ஒன்பதாவதில் முதல் அடி எங்கள் பக்கம் என்னுடையது. நடுவில் குளம், அதற்கப்பால் கொடி. தாடை. தோள். கால். பிறகு எதையும் நினைக்கவில்லை, 'டக்' மட்டும் கேட்டது.

"எங்க போச்சு?"

"நேரா அண்ணி. குளத்துக்கு இந்தப் பக்கம், நடு மத்தியில. ஒரு சொட்டு வளையல."

பல் டாக்டர் பந்தைக் குளத்தில் போட்டார். அதற்கு அபராதமாக ஒரு அடி. இப்போது அண்ணியின் முறை. தண்ணீரைத் தாண்டி அடிக்க வேண்டும். அண்ணன் தூரத்தில் பந்துக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி மட்டையைத் தேர்ந்தெடுப்பதுபோல் குனிந்து, பல்லுக்குள்ளேயே கேட்டாள்.

"கொடி எங்க இருக்கு?"

அவள் பின்னால் போய் நின்றேன். "அந்தப் பக்கம் பெரிய மரம் ஒண்ணு தெரியுதா?"

"கறுப்பா ஏதோ தெரியுது."

"அதுதான். அதுக்கு நேரா. முழுசா அடிங்க, தண்ணி அவ்வளவு அகலம் இல்ல."

அண்ணி ஒரு மட்டையை உருவினாள்.

"எத்தன நாளா தெரியும் உனக்கு?"

"மழைக்கோட்டுலேர்ந்து."

"சொல்லல?"

"நீங்களும் சொல்லல."

"உன் முன்னாடி அந்த நாக்காலில உக்காந்து ஒவ்வொரு வரிக்கும் 'தெரியல, தெரியல'ன்னு சொல்லணுமே. இருபத்தஞ்சு வருஷத்துல உன்கிட்ட ஒரு தடவ நான் அந்த வார்த்தையச் சொன்னதுண்டா?"

"நானும்தான் உங்ககிட்ட சொன்னதில்ல" என்றேன். "எனக்கும் நிறைய தெரியல அண்ணி. மூணு மாசமா மூக்கு மேல இருக்கற கண்ணாடி தெரியல."

"என்னம்மா, மாநாடா?" என்று அண்ணன் கத்தினான்.

நான் விலகி நின்றேன். அண்ணி கறுப்பாக ஏதோ தெரிந்ததை நோக்கி முழுசாக அடித்தாள். பார்க்காமல் அடிக்கிறவள் அவ்வளவு நம்பி அடிப்பதை நான் பார்த்ததில்லை. குளத்தைத் தாண்டியது.

"எங்க போச்சு?" இந்தத் தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"கொடிக்குப் பக்கத்துல. நம்ம சாப்பாட்டு மேஜை நீளம்."

என்னுடைய மெதுவான அடி குழியின் உதட்டில் போய் நின்றது. அண்ணி தட்டிவிட்டாள். ஒரு அடி குறைவாக அடித்து அண்ணனை ஜெயித்தோம். அவன் இரண்டு முறை கூட்டிப் பார்த்தான். "சரி, பேச்சு நின்னுச்சா இல்லையா?" என்றான் கடைசியில்.

"இப்பதான் ஆரம்பிச்சிருக்கு" என்றாள் அண்ணி.

கோப்பை வக்கீலம்மாவுக்கும் அவர் ஜூனியருக்கும் போயிற்று. எங்களுக்கு மூன்றாம் இடம். ஒரு துண்டு கொடுத்தார்கள். பாகப்பிரிவினை செய்யவில்லை; ஒரு வாரம் அவள் வீட்டில், ஒரு வாரம் என் வீட்டில்.

மே 12, செவ்வாய்

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். விளக்கை அணைத்தேன்.

"மேல் வரி?"

"தெரியுது."

"அடுத்தது?"

"தெரியல."

"அதுக்கடுத்தது?"

"தெரியல. தெரியல. அதுவும் தெரியல. எழுதிக்கோ." சொல்லச் சொல்லச் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. இருட்டில் நானும் சிரித்தேன்.

இரண்டு கண்ணிலும் புரை. இந்தக் காலத்தில் பெரிய விஷயமே இல்லை. அறுவைச் சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தேன். மாலையில் அண்ணனிடம் சேர்ந்தே போய்ச் சொன்னோம். முதலில் கோபப்பட்டான். பிறகு யோசித்தான். "அப்ப, கண்ணு தெரியாம அடிச்சா என்னை ஜெயிச்ச?" என்றான்.

மே 29, வெள்ளி

முதல் கண்ணின் கட்டை இன்று பிரித்தார்கள். அண்ணி என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "காதோரம் சாயம் சரியா அடிக்கல நீ."

ஜூன் 20, சனி

இரண்டாவது கண்ணும் ஆயிற்று. இனி படிக்கக் கண்ணாடி வேண்டும். வாடிக்கை திரும்பி வந்துவிட்டது. என் கடையின் இளநீலச் சுவர் வெள்ளை என்று இதுநாள்வரை நினைத்திருந்தாளாம்.

ஜூலை 25, சனி

டாக்டர் அனுமதி கொடுத்தபின் அண்ணிக்கு முதல் நாள் ஆட்டம். காரை அவளே ஓட்டினாள். வழியில் இருந்த பெயர்ப்பலகையையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள், சின்னப் பிள்ளைகளைப்போல.

நான் முதலில் அடித்தேன். அவள் எதிரில் நின்று பார்க்கிறாள், அவளுக்கு எல்லாம் தெரிகிறது என்ற நினைப்பே எனக்குள் குறுகுறுத்தது. தாடை என்னவாயிற்றோ, தோள் என்னவாயிற்றோ. அடித்தபின்னும் தலையைத் தூக்காதீங்க என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். தூக்கவில்லை. வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க போச்சு?" என்று கேட்டேன்.

அண்ணி நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். அவசரமே இல்லை அவளுக்கு.

"வலது பக்கம். மூணாவது மரம். நடுக் கிளைல ஒரு கூடு இருக்கு, ரெண்டு குஞ்சு எட்டிப் பாக்குது. அதுக்கு நேர் கீழ, பழுத்த இலை ஒண்ணு கிடக்கு பாரு, அதுக்குப் பக்கத்துல."

போய்ப் பார்த்தோம். அங்கேதான் இருந்தது.